கசூபா இஸ்திரி போட்ட இறக்கை

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷியாவில் சிபாஷாவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. விமானத்தைத் தரையில் உட்கார வைக்கிற ஆள். சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் ரேடியோ விமானங்களைப் பறக்க விடும் ஒரு சின்னக் கூட்டம் கூடும். அங்கே அவர் தொட்டுப் பார்க்காமல் எதுவும் மேலே போகாது. ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும், "இது இன்னைக்கு வீட்டுக்குப் போகட்டும்" என்பார். கெஞ்சினாலும் மசிய மாட்டார். அதைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மைதான், தலையில் விழாத வரைக்கும்.

அவரிடம் வாயாட ஒரே ஒரு ஆளுக்குத்தான் துணிச்சல் இருந்தது. லாரி ஓட்டும் ஸிம்பா, கிழக்கிலிருந்து வந்த அங்கோனி இனத்துக்காரர்; சிபாஷாவோ பெம்பா இனம். பெம்பாக்காரரும் அங்கோனிக்காரரும் சந்தித்தால் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால்தான் அவமரியாதை.

"குரங்கு திங்கிற பெம்பா ஆளு சொல்லி நான் பறக்காம இருக்கணுமா?"

"எலி திங்கிறவனே, நீ திங்கிற எலியாவது பொறியைப் பாத்துட்டுக் கால வைக்கும். உன் விமானத்துல சக்கரம் ஆடுது, அதை நீ பாத்தியா?"

ஸிம்பா முனகிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றுவார்.

உடைந்த விமானமெல்லாம் கடைசியில் சிபாஷா வீட்டுச் சமையல் மேசைக்குத்தான் வந்து சேரும். மரச்சட்டத்தை ஒட்டுவதும் மோட்டார் மாற்றுவதும் அவர் வேலை. இறக்கைமேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, சட்டத்தோடு ஒட்டி இழுத்து, மத்தளத் தோல்போல விறைப்பாக்குவது மட்டும் அவர் மனைவி கசூபாவின் வேலை. அவர் செய்தால் சுருக்கம் விழும். "தள்ளுங்க, இது சட்டையில்ல, முரட்டுத்தனமா தேய்க்க" என்று பிடுங்கிக்கொள்வாள். அவள் ஒருநாள்கூட ஓடுதளத்துக்கு வந்ததில்லை. வெயிலில் நின்று அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பாள்.

கடைசியாக அவள் முடித்தது சிபாஷாவின் சொந்த விமானத்துக்கு ஒரு மஞ்சள் இறக்கை. அப்போதே காய்ச்சல் இருந்தது. கை நடுங்கி ஒரு மூலையில் சூடு பட்டு, கட்டைவிரல் அகலத்துக்குத் தாள் பழுப்பாகிவிட்டது. "உங்க விமானத்துக்கு மச்சம் வச்சுட்டேன்" என்று சிரித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சிபாஷா எஞ்சினை மாற்றினார், உடலை இரண்டு முறை புதிதாகக் கட்டினார். இறக்கையின் தாளை மட்டும் தொடவே இல்லை. அவள் கைபட்ட பொருட்கள் வீட்டில் எத்தனையோ இருந்தன. ஆனால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அவருக்காகச் செய்தது இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார்.

ஒரு வாரம் இறக்கைக்குள் இருந்த சின்ன மோட்டார் பழுதாகிவிட்டது. இறக்கையின் பின்னோரத்தில் இரண்டு மடிப்புப் பலகைகள் உண்டு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், பலகை ஏறிய பக்கம் விமானம் சாயும். அவற்றை அசைக்கிற மோட்டார் அது. அடிமூடியைக் கழற்றி, தாளில் ஒரு கீறல்கூட விழாமல் புதியதைப் பொருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பறக்கும் முன் கட்டாயச் சோதனை. இதற்கு அவரே ஓதி ஓதி எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு: வாலுக்குப் பின்னால் நின்று பார். கையிலுள்ள ரேடியோப் பெட்டியின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது பலகை ஏற வேண்டும். மூக்குக்கு முன்னால் நின்றால் உன் வலம் வேறு, விமானத்தின் வலம் வேறு.

அன்று சிபாஷா முன்னால் நின்றார். குச்சியை வலப்பக்கம் தள்ளினார். அவருடைய வலக்கைப் பக்கத்துப் பலகை அழகாக ஏறியது. சரி என்று தலையாட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

சக்கரம் தரையை விட்டதும் இடது இறக்கை லேசாகச் சரிந்தது. வலப்பக்கம் தள்ளினார். இன்னும் சரிந்தது. ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குச்சியை நடுவில் விட்டுவிட்டு, வாலில் உள்ள சுக்கானை மட்டும் வைத்து மெல்ல நிமிர்த்தினார். தலைகீழாக இயக்க மூளை பழகிவிடும், கட்டைவிரல் பழகாது.

"என்னய்யா, ஒரு மாதிரி போகுது?" என்றார் ஸிம்பா.

"பேசாத."

சுக்கானை மட்டும் நம்பினால் விமானம் அகலமாகத்தான் திரும்பும். காற்று வேறு சாலைப் பக்கம் தள்ளியது. அந்தச் சாலையில் தேவாலயம் முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, முதுகில் கட்டிய குழந்தைகள், பாட்டு. அந்த வட்டத்தை முடிக்க விட்டால் விமானம் அவர்கள் தலைக்கு மேலாகத்தான் வர வேண்டும். ஒருவேளை பத்திரமாக வந்துவிடும். மஞ்சள் இறக்கையும் முழுசாகத் திரும்பும்.

சாலைக்கு இப்பால் வெறும் புல்வெளி, நடுவில் ஒரு கறையான் புற்று.

சிபாஷா எஞ்சினை அணைத்தார். பிறகு குச்சியை முன்னால் தள்ளி, மூக்கைத் தரைக்குக் காட்டினார். முறிந்த சத்தம் சாலைவரை கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். விழுந்த விமானத்தை யாரும் தொடுவதற்கு முன், அது ஏன் விழுந்தது என்று உரியவர் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதே தவறைச் செய்யாமல் இருக்கத்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தலைவி நாம்விங்கா டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரேடியோ அறுந்துபோச்சா ஐயா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். யாருக்கு அவரைச் சந்தேகப்படத் தோன்றும்?

"இல்லம்மா. புது மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்துது, பலகை தலைகீழா வேலை செஞ்சுது. நான் சோதிச்சேன். முன்னாடி நின்னு சோதிச்சேன்."

"நீங்களா? முன்னாடியா?"

"அந்த மூலையில அவ சுட்ட இடம் இருக்கு. முன்னாடி நின்னாத்தான் தெரியும். அதைப் பாத்துக்கிட்டே குச்சியத் தள்ளினேன். பலகைய எங்க பாத்தேன், அவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஸிம்பா குனிந்து இறக்கையை எடுத்தார். தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்ளே மட்டும் சட்டம் எங்கோ முறிந்து, தொட்டால் நொறுநொறுத்தது. முறிவு எங்கே என்று தெரிய வேண்டுமென்றால் தாளை உரித்தாக வேண்டும். தாளுக்குள் முறிவை மறைத்து வைத்துப் பறப்பது கொலைக்குச் சமம் என்று ஊரெல்லாம் சொன்னவர் சிபாஷாதான்.

"உரிக்க வேணாம்யா" என்றார் ஸிம்பா. அன்று அவர் குரங்கு, எலி எதையும் இழுக்கவில்லை. "இப்படியே கொண்டுபோய்ச் சுவத்துல மாட்டு. அவ செஞ்சது அப்படியே இருக்கட்டும்."

சிபாஷா இறக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்.

"மாட்டலாம். ஆனா வெளிய பாக்க முழுசா இருக்கே. என்னைக்காவது ஒரு ஞாயித்துக்கிழமை, பாவம், ஒரு தடவை பறக்கட்டுமேன்னு எடுத்துட்டு வந்துருவேன். எனக்கு என்னைத் தெரியும்டா."

நகத்தால் ஓரத்தை நெம்பினார். கசூபா அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள், தாள் எளிதில் வரவில்லை. அழுதுகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, முழுவதையும் உரித்தார்.