தம் பிடித்த நாற்பத்திரண்டு செகண்ட்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். ஈரல் மாற்று வார்டுக்கு வந்துபோகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ஜெல்லக்கா. ஸ்கேனுக்கு முன்னால் வயிற்றில் தடவுகிற ஜெல் ஜில்லென்று இருக்கிறதென்று எந்தப் பிள்ளையும் அவளிடம் அழுததில்லை. பாட்டிலை வெந்நீர் மக்கில் நிறுத்தி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் தடவுவாள். பிள்ளைகளிடம் அத்தனை பதம். பெரியவர்களிடம் வாய் கொஞ்சம் நீளம்.

பதினான்கு வருஷமாக ஒரே வேலை. மாற்று ஈரல் வைத்த பிள்ளைகளின் வயிற்றில் ப்ரோப் என்கிற ஸ்கேன் கைப்பிடியை வைத்து, அந்த ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பாள். கருவி உள்ளே ஒரு சின்ன அதிர்வை அனுப்பும். ஈரல் இளக்கமாக இருந்தால் அதிர்வு மெல்ல நகரும், இறுகியிருந்தால் விரைந்து ஓடும். அந்த வேகத்தை வைத்துத் திரையில் ஓர் எண் விழும்; ஈரல் இறுக இறுக எண் ஏறும். பத்து முறை அளந்து நடு எண்ணை எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். பெற்றவர்களிடம் எண்ணை அவள் சொல்லக்கூடாது. அது டாக்டரின் வேலை. அதனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், "உன் மூஞ்சியப் பாத்து சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரிய மாட்டேங்குது" என்று வீட்டில் அலுத்துக்கொள்வான்.

அன்று காலை கட்டிலில் படுத்திருந்தவள், வார்டில் எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடுகிற பிள்ளை. ஏழு வயசு. பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நான்கு வருஷத்துக்கு முன்னால் தன் ஈரலில் ஒரு துண்டை மகளுக்குக் கொடுத்தவள். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை கொஞ்சம் பிசகியிருந்தது. இன்றைக்கு ஈரல் இறுகியிருப்பதாகத் தெரிந்தால் நாளைக் காலை ஊசி போட்டு ஈரலில் துளி சதை எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் அந்த ஊசிக்குப் பிறகு உள்ளே ரத்தம் கசிந்து சுண்டெலி மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அந்த மூன்று நாளில் டீச்சரின் தலையில் பாதி நரைத்துவிட்டது.

ஜெல்லக்கா ப்ரோபை அழுத்தாமல் வைத்தாள். "தம் பிடி" என்றாள். சுண்டெலி பிடித்தாள். அப்படியொரு பிடி! மற்ற பிள்ளைகள் மூன்று எண்ணுவதற்குள் நெளிவார்கள். இவள் ஆணி அடித்த மாதிரி கிடந்தாள். படம் கண்ணாடியாக விழுந்தது.

எண் ஒன்பது புள்ளி இரண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பிள்ளைக்கு ஐந்தரை.

ஜெல்லக்கா மறுபடி அளந்தாள். அடுத்தது எட்டு புள்ளி ஒன்பது. அதற்கடுத்தது ஒன்பது புள்ளி மூன்று. பத்தும் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. எண்கள் தாறுமாறாகச் சிதறினால் அளவில் கோளாறு என்று தள்ளிவிடலாம். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டிருந்தாலும் எண் ஏறும். காலையிலிருந்து பிள்ளை எதுவும் சாப்பிடவில்லையே என்று டீச்சரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றாள் டீச்சர். கேள்வி ஏன் இரண்டாம் முறை வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜெல்லக்காவின் முகத்தைத் துழாவினாள். கல்லில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மேஜையில் போன் அடித்தது. நாளைக்கான ஊசிப் பட்டியலைப் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறார்கள், எண் என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். மணி பதினொன்று நாற்பது. இதோ அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டு, அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் சுண்டெலி கேட்டாள்: "அக்கா, நான் எத்தனை செகண்ட் பிடிச்சேன்? வீட்டுல என் ரெக்கார்டு நாப்பத்தி ரெண்டு."

டீச்சர் கைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்துக் காட்டினாள். "போன தடவை நெளிஞ்சுக்கிட்டே இருந்தாள்னு நீங்கதான் சொன்னீங்க, வீட்டுல தம் பிடிச்சுப் பழக்குங்கன்னு. ஆறு மாசமா தினமும் பழக்கறேன், மேடம்."

நுணலும் தன் வாயால் கெடும். ஜெல்லக்காவின் விரல் பொத்தான்மேலேயே நின்றது. சொன்னது அவள்தான், போகிற போக்கில் சொன்ன பேச்சு. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சோடு பழக்குகிற அம்மா ஒரு விளையாட்டு டீச்சராகத்தான் இருக்க முடியும். சுண்டெலியை இன்னொரு தடவை பிடிக்கச் சொல்லி, இந்த முறை திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தாள். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, வயிறு கல்லானது. அப்படி முக்கினால் ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வழியில்லாமல் ஈரலில் தேங்கும். நல்ல ஈரல்கூட இறுகும். பத்து எண்ணும் ஒன்றாக வந்ததற்குக் காரணம், பத்து முறையும் பிள்ளை ஒரே மாதிரி முக்கியதுதான்.

அல்லது ஈரல் நிஜமாகவே இறுகியிருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். நல்ல எண் வேண்டுமென்று நாமே சாக்குத் தேடுகிறோமோ என்று பயந்தாள். மறுபடி பத்து எடுப்பது, எது வந்தாலும் ஒன்றைக்கூட அழிக்காமல் இரண்டு பத்தையும் அனுப்புவது என்று முடிவுசெய்தாள்.

ஆனால் பிடிக்கப் பழகிய பிள்ளையை விடச் சொல்வது லேசா? பிடிக்காதே என்றால் மூச்சு வாங்கினாள். நிறுத்து என்றால் பழையபடி கன்னத்தை உப்பினாள். முதல் எண் எட்டு புள்ளி ஏழு வந்தது, அதையும் அழிக்கவில்லை. மணி பதினொன்று ஐம்பது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். ஜெல்லக்காவுக்குச் சொல்லே அகப்படவில்லை. ப்ரோபை எடுத்துவிட்டுக் குனிந்தாள்.

"கிளாஸ்ல யாரு பேசினதுன்னு டீச்சர் கேட்டா நீ என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா இருப்பேன்."

"எங்க, அப்படிச் சும்மா இரு பாக்கலாம்."

சுண்டெலி இருந்தாள். பாதி மூச்சில், கன்னம் தளர்ந்து, பச்சைப்பிள்ளை முழி முழித்துக்கொண்டு. வயிறு ப்ரோபுக்குக் கீழே மெத்தென்று இருந்தது.

ஆறு. அடுத்தது ஐந்து புள்ளி ஏழு. ஒவ்வொன்றுக்கும் "யாரு பேசினது?" என்று கேட்டாள் ஜெல்லக்கா, ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி சும்மா இருந்தாள். பத்தாவது விழுந்தபோது நடு எண் ஐந்து புள்ளி எட்டு. மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம்.

அவளே டாக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு நடு எண்களையும் சொன்னாள். முதல் பத்தில் பிள்ளை முக்கியதையும், அப்படிப் பழக்கச் சொன்னது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதுகிறேன் என்றாள். டாக்டர், பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், இரண்டு வாரம் கழித்து ரத்தத்தைத் திரும்பப் பார்ப்போம், அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றார். இப்படி முக்கிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் ஊசிக்குப் போனார்களோ என்றும் கேட்டார். அந்தக் கேள்வி ஜெல்லக்காவை வெகுநாள் தூங்கவிடாது.

போனை வைத்துத் திரும்பினாள். டீச்சர் சுவரோடு சுவராக, ஸ்டாப்வாட்சை இறுக்கிக்கொண்டு நின்றாள். போனில் பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கும். இரண்டு எண்ணில் எது தன் மகளுடையது என்று கேட்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த சுண்டெலி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, எங்கம்மா ரொம்ப நேரமா தம் பிடிச்சுட்டிருக்காங்க."

பதினான்கு வருஷத்தில் ஜெல்லக்கா பெற்றவர்கள் யாரிடமும் ஒரு முடிவைச் சொன்னதில்லை. இப்போதும் எண்ணைச் சொல்லவில்லை.

"விட்டுடுங்க டீச்சர்," என்றாள். "தம்மை விட்டுடுங்க."