சென்னீர்குப்பத்தில் இருக்கிறது தம்பியின் நம்பர்

இந்தப் பயணக் குறிப்பில் கோயில், ஏரி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் இருந்து நான் கிளம்பியது, செத்துப்போன என் தம்பியின் போன் நம்பரை இப்போது வைத்திருப்பவரைப் பார்க்க.

தம்பி பைக் விபத்தில் போய் ஒரு வருஷமாகிறது. புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பழைய பாட்டைத்தான் காலர் ட்யூனாக வைத்திருந்தான். அவன் போனை நான் சார்ஜ் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். அம்மா தினமும் சாப்பாடு முடிந்ததும் அந்த நம்பருக்கு அடித்து, தானாகக் கட் ஆகும்வரை பாட்டைக் கேட்பாள். நம்பர் அவன் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. அவர்கள் அதை விட்டுவிட, அது கைமாறிவிட்டது. ஒருநாள் பாட்டுக்குப் பதில், “அலோ, யாருப்பா?” என்றது ஒரு குரல். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே பாட்டை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

“இது வெறும் பாட்டுடா. அது அவனுக்கு அடிச்சா கேக்கிற பாட்டு. அந்த ஆளைப் பாத்து, திரும்ப வைக்கச் சொல்லேன்.”

இதை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஆனாலும் அவருக்குப் போன் செய்து, இடம் கேட்டுக்கொண்டு போனேன்.

காலை 9.40 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். அண்ணனூர் தாண்டினால் ஆவடி, உட்கார இடம் தேடுவது வீண். அங்கிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி சென்னீர்குப்பத்தில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும் என்பவர்கள் அந்த ரோட்டில் போனதில்லை. பஸ்ஸில் பாட்டு போடவில்லை, நல்லவேளை.

டீக்கடையில் காத்திருந்தார் தாஸ். தண்ணி லாரி ஓட்டுகிறவர்.

“பாட்டுதானே சார், வச்சிக்கினா போச்சு. ஆனா எடுக்காத இருக்க முடியாது. போன் அடிச்சா லோடு. நான் எடுக்கலைன்னா வேற லாரிக்காரன் பூடுவான்.”

“எங்கம்மா நம்பர் வந்தா மட்டும் எடுக்காதீங்கண்ணே. சேவ் பண்ணிக்குங்க.”

“இன்னா பேர்ல?”

“அம்மான்னே போடுங்க.”

“நம்ம ஊட்ல ஏற்கெனவே ஒரு அம்மா கீறாங்க சார். அம்மா ரெண்டுன்னு போட்டுக்கறேன்.”

அங்கேயே பாட்டை வைத்தார். சரிபார்க்க அடித்தேன். புல்லாங்குழல் வந்தது. டீக்கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். தாஸ் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாராவது கம்பெனி சிம் வைத்திருந்தால், இருக்கும்போதே சொந்தப் பெயருக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அப்புறம் அலைவது நரகம். திரும்பும்போது பூந்தமல்லி போய் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.

மறுநாள் அம்மா சாப்பிட்டுவிட்டு அடித்தாள். கொஞ்ச நேரத்தில் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“பிஸின்னு வருதுடா.”

லோடு பேசிக்கொண்டிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத களை.

“யார்கிட்டடா பேசிக்கிட்டிருக்கான்?” என்றாள்.