அட்டையைத் திருப்பினேன்

சித்தப்பா கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாலையோரம் வண்டியை நிறுத்தி, "வா அண்ணாத்த, கேளம்பாக்கமா?" என்று கூப்பிட்டார். அங்கே நின்றது கரண்டு கம்பம். விஷயம் ஆட்டோ ஓனர் காதுக்குப் போய்விட்டது. கண் நன்றாக இருப்பதாக டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால்தான் இனிமேல் சாவி என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே நான் ஒன்பதாவது படித்த கேளம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். உதவிக்குப் பிள்ளைகள் வேண்டுமாம். "நாலு வேலைய செஞ்சு பாத்தாதான் எதுக்கு லாயக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றார் டீச்சர். எதற்கும் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டால்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அட்டையில் இருக்கும் எழுத்துகளைக் குச்சியால் தொட்டுக் காட்டுவது என் வேலை. டாக்டரம்மா குனிந்து குறித்துக்கொள்வார். பத்துப் பேர் போனதும்தான் கவனித்தேன். நான் குச்சியை வைக்கும் முன்பே பதில் வந்தது. முன்னால் போனவர் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, வரிசையே மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. ஒரு பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கடைசி வரிவரை ஒப்பித்தார்.

அடுத்தது சித்தப்பா. உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சீட்டு கிடைக்காவிட்டால் அவர் பிழைப்பு போச்சு. கிடைத்தால், நாளைக் காலையில் அந்த ஆட்டோவில் உட்காரப்போவது நான். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கை தானாக அட்டையைத் திருப்பியது. பின்பக்கம் முழுக்க எண்கள்.

"ப, ட, ம, க, ய..." கணீரென்று ஆரம்பித்தார்.

"சித்தப்பா, அது நம்பரு."

"தெரியும், நீ குச்சிய புடி."

சிரிப்பில் வரிசையே கலைந்தது. "பேஜாரு பண்ட்டியேடி!" என்று கத்தினார் சித்தப்பா. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரையும் முதலிலிருந்து சோதித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று சித்தப்பாவுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். கண்ணாடி வந்த அன்று அதை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார் சித்தப்பா. "இன்னாடி, இவ்ளோ ஒல்லியாவா கீற நீ?"

முகாம் முடிந்த சாயங்காலம் டாக்டரம்மா நோட்டைத் திறந்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். புகார் கொடுக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து பெஞ்சுக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாத முகாமில் உதவ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்போம். அதற்கப்புறம் அவள் ஒரு முகாம் விடாமல் போனாள். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

போன மாதம் செங்கல்பட்டில் கண் காட்டப் போனேன். சோதித்தது அவள்தான்.

"அன்னிக்கு அவ்ளோ பேர்ல என்னை மட்டும் எதுக்குடி கூப்ட்டாங்க? இன்னிக்கு வரைக்கும் புரியல" என்றாள்.

நல்ல வேலைக்குக் கூப்பிடவும் பெயர் கேட்பார்கள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவா முடியும்? இரண்டாவது வரியைப் படிக்க ஆரம்பித்தேன்.