லெட்சுமி தேறிய கண் பரிசோதனை

பற்பசை வாடை பட்டாலே எனக்கு இன்றும் பள்ளிக்கூடத்துக் கால்வாய்தான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் பிற்பாதி; மலேசியாவின் பத்து காஜா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளி. வாரம் ஒரு காலை, சிமெண்டுக் கால்வாயோரம் நாங்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையும் பிரஷ்ஷுமாக, பெரிய வாத்தியாரின் விசிலுக்குத் தக்கபடி பல் துலக்குவோம். மேலே பத்து, கீழே பத்து, பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே துப்பு. முந்தித் துப்பினால் தலையில் குட்டு விழும்.

"பெரிய வாத்தியார்" என்றால் தலைமையாசிரியர். எங்கள் வகுப்புக்கும் அவர்தான் பாடம் நடத்தினார். "ஒடம்பு சரியா இருந்தாத்தான் மண்டையில படிப்பு ஏறும்" என்று ரப்பர் மரம் சீவும் பால்வெட்டு வேலைக்குப் போகும் தாய்மாரிடம் ஓயாமல் சொல்லுவார். நல்ல மனிதர், சொன்னதும் சரிதான். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, வெளியிலிருந்து எவர் வந்தாலும் பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம். நகம் பார்க்க ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே எல்லார் நகத்தையும் வெட்ட வைப்பார். பேன் பார்க்க வந்தால் மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்லி வீட்டுக்கு ஆளனுப்புவார். ஆகவே, நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, கண் பார்க்க "மிஸ்ஸி", அதாவது தாதி, வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவர் அதற்கும் எங்களைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டார்.

தோட்டத்து மருந்தகத்துச் சுவரில் இருந்த கண் அட்டையை அப்படியே ஒரு மணிலா அட்டையில் வரைந்து வந்து வகுப்பில் மாட்டினார். மூன்று பல் வைத்த சீப்புபோல ஒரே எழுத்து, மேலே பெரிதாகவும் கீழே வரவரப் பொடியாகவும், நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். நாங்கள் அதைச் "சீப்பு" என்றே சொன்னோம். சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். வாய்ப்பாடு சொல்வதுபோல வகுப்பே அதிர ஒப்பித்தோம்: வலம், மேல், இடம், கீழ், கீழ், வலம்... எங்களுக்குத் தெரிந்த படிப்பு அதுதான்; எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவோம்.

லெட்சுமி எங்கள் "லயத்தில்", அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரி, வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். கணக்கை வாயால் கேட்டால் எனக்கு முன்னால் விடை சொல்லுவாள். கரும்பலகையில் எழுதிப்போட்டால் மட்டும் என் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வாள். பலகை அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மிஸ்ஸி வர நான்கு நாள் இருக்கையில், குழாயடியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு தெரியலன்னா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்களாம்லா. நான் போவமாட்டேன்." அவள் அப்பா முந்தின வருடம் மார்ச்சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர். நான்கு மாலையும் குடம் நிரம்பும் நேரத்தில் அவள் தடுமாறிய இடங்களைச் சொல்லிக்கொடுத்தேன். "வரிசையாத்தான் கேப்பாங்க. குச்சி நகர நகர நீ அடுத்ததக் காட்டு, போதும்" என்றேன்.

அன்று மழை இருட்டிக்கொண்டு நின்றது. மிஸ்ஸிக்கு இன்னொரு பள்ளிக்கும் போக வேண்டியிருந்தது. அவர் கொண்டுவந்ததும் அதே அட்டைதான். குச்சியை மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டினார். லெட்சுமி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, ஓரிடத்தில்கூடத் தவறாமல் கையைத் திருப்பினாள். "பாகூஸ்!" என்று மலாயில் பாராட்டினார் மிஸ்ஸி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுவாரமே அந்தப் பெருமை போயிற்று. என் நோட்டைப் பார்த்து எழுதிய லெட்சுமியைப் பெரிய வாத்தியார் எழுப்பி நிறுத்தினார். "கண்ணு நல்லா இருக்குன்னு மிஸ்ஸியே எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் போர்டைப் பார்த்து எழுத வலிக்குதா? சோம்பேறி!" என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார். அதுவரை அவளுக்குப் பாடம் புரியவில்லை போலும் என்று இரக்கப்பட்டவர், அதற்குப் பிறகு இரக்கப்படவில்லை. நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு அரசாங்கத் தேர்வில் எனக்கு நல்ல தேர்ச்சி. லெட்சுமிக்கு ஒரு பாடமும் தேறவில்லை. ஆறாம் வகுப்பு முடிந்து நான் ஈப்போ நகரத்து இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். "ஏறாத படிப்புக்கு எதுக்கு பஸ்ஸு" என்று அவள் அம்மா அவளைப் பால்வெட்டுக்குக் கூட்டிப்போனார். மரத்துப் பட்டை முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருப்பது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மரத்தில் காயம் படாமல் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் எடுத்தாள். "இதுக்குன்னே பொறந்தவ" என்றார்கள்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. மரங்களை அழித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். பள்ளியும் வேறிடம் போய்விட்டது, கால்வாயைப் பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள். போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில், கனத்த மூக்குக்கண்ணாடியோடு லெட்சுமியைப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் மகள் வற்புறுத்திக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப்போனாளாம்.

"அதே மாதிரி சீப்பு அட்டைடி. கடைக்காரன் காட்டுனதும் நான்பாட்டுக்கு வலது, மேல, எடது, கீழன்னு ஒப்பிச்சுட்டேன். பார்த்தா அது வேற அட்டைலா! அத்தனையும் தப்பு." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், லெட்சுமி" என்றேன்.

"விடுடி. பெயிலானேன், கண்ணாடி கெடச்சுச்சு" என்றாள்.

பிறகு, நாங்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்தே, மேடையில் மாட்டியிருந்த மணமக்கள் பெயர்ப்பலகையை ஓர் எழுத்தும் விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினாள்.