பாம்புக்காதரும் பச்சைத் தவளையும்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பாடப்புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலுக்குள்ளும் ஏதோ ஒரு உருளை லேசாக முனகினால் இவருக்குக் கேட்டுவிடும். காகிதம் அறுவதற்கு முன்பே கை போய் மெஷினை நிறுத்திவிடுமாம். அதனால் அச்சகத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிவந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பியதுகூட உண்டு.

இப்போது அவரும் இல்லை, அவர் வைத்திருந்த காரும் இல்லை. கார் நின்ற இடத்தில் துணி காயப்போடுகிறேன். தரையில் இருக்கும் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. போக்க நானும் மெனக்கெடவில்லை.

பச்சை நிறம், முன்னால் இரண்டு உருண்டை விளக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எங்கள் மகன் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அந்தக் காரைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருந்தது. சாவியை முதல் திருப்புத் திருப்பினால், பின்பக்கம் டிக்கிக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் பம்பு டொக் டொக் என்று அடிக்க ஆரம்பிக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி முன்னால் கார்ப்பரேட்டருக்கு அனுப்புகிற சத்தம் அது. கார்ப்பரேட்டர் நிறைந்ததும் தானே நின்றுவிடும். நின்ற பிறகுதான் இரண்டாம் திருப்பு. அதற்கு முன்னால் யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

அந்தச் சத்தம் ஓயும்வரை காருக்குள் ஒருவரும் பேசக்கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுவான். முப்பது, முப்பத்தைந்துக்குள் நின்றுவிடும். என் அம்மா முதல்முறை ஏறியபோது, மாப்பிள்ளை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாமி கும்பிடுகிறார் போல என்று தானும் கைகூப்பிவிட்டாள். வண்டி கிளம்பியதும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தோம்.

வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் வீட்டிலேயே பார்ப்பார். நான் உள்ளே சாவியோடு, அவர் வெளியே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு. நடுவில் திறந்த பானெட். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "போடு" என்றால் திருப்புவேன், "நிறுத்து" என்றால் நிறுத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன சொல் எது என்று யாராவது கேட்டால், கூசாமல் "போடு" என்பேன். முகம் தெரியாததில் ஒரு வசதியும் இருந்தது. எனக்கு ஒரு கம்மல் வாங்கவேண்டும் என்பதையும், அவர் தங்கைமேல் எனக்கிருந்த கோபத்தையும் பானெட்டுக்கு இந்தப் பக்கமிருந்துதான் சொல்லியிருக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் தவளை மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் முதல்முறை எடுக்கும்போது மட்டும் லேசில் பிடிக்காது. ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து, பேட்டரி சோர்ந்துபோகும் நேரத்தில் இருமிக்கொண்டு கிளம்பும். ஒருமுறை கிளம்பிவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவில்லை. வெளியூரில் வேலையிலிருந்த மகன் போனில் கேட்டுவிட்டு, "போதும்ப்பா, அத விட்டுடுங்க. புதுசா ஒண்ணு பாத்துடலாம்" என்றான். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வரேல்ல? அன்னிக்கு ஒரே இழுப்புல கிளம்பலேன்னா சாவிய நானே உன் கையில தரேன். பழைய இரும்புக்குப் போடு" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வாசலே கதி. முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினில் ஒட்டி வைத்து, "போடு" என்றார். நீலப்பொறி பளிச்சென்று வந்தது. பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். கண்டென்சரை மாற்றினார். பேட்டரியை ஒருநாள் முழுக்கச் சார்ஜில் போட்டார். என் பழைய பல்துலக்கும் பிரஷ் கார்ப்பரேட்டர் சுத்தம் பண்ணப் போனது. பழையது என்று அவர்தான் சொன்னார், நான் அன்று காலையில்கூட அதில்தான் பல் துலக்கினேன். பெட்ரோல் வருகிறதா என்றும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பத்துத் தடவை ஸ்டார்ட்டர் இழுத்த பிறகு பார்த்தால் வராமல் என்ன செய்யும்? வந்தது. "பெட்ரோல்ல கோளாறு இல்ல" என்று ஒதுக்கிவிட்டார். ராத்திரி முழுக்க ஆற விட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று நின்றது.

வெள்ளிக்கிழமை ஆனது. சாவி திருப்பித் திருப்பி எனக்குக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. முதல் திருப்பில் வைத்துக்கொண்டு பழக்கத்தில் காத்திருந்தேன். முன்னாலிருந்து குரல் வந்தது.

"போடு. என்ன யோசனை?"

"நின்னாத்தானே போடணும்? நிக்கவே மாட்டேங்குதே."

பதில் இல்லை. இன்னொருமுறை சொன்னேன். அதற்கும் இல்லை. இரண்டு மூன்று வருஷமாகவே இந்த வழக்கம்தான். நான் ஒன்று சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்தப் புருஷன் பெண்டாட்டி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்கிறான் என்று நானும் விட்டிருந்தேன். அன்று வலியில் கோபம் வந்து, இறங்கிப்போய் அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினேன்.

"அந்த டொக் டொக் நிக்கலைங்கறேன். காதுல விழுதா இல்லையா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எந்த டொக் டொக்?"

"பம்பு."

"இப்ப அடிக்குதா?"

"சாவி ஆன்ல தானே இருக்கு. அடிச்சிட்டேதான் இருக்கு."

பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்து குனிந்து வலது காதை வைத்தார். பிறகு இடது காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். கடைசியில் உள்ளங்கையைப் பம்பின்மேல் வைத்தார். கைக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி அடிக்குது?"

"நீங்க வேலைய ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சேன்."

அவருக்கோ எதுவும் கேட்காததுதான் அத்தாட்சி. சத்தம் இல்லை என்றால் கார்ப்பரேட்டர் நிறைந்து பம்பு நின்றுவிட்டது என்று அர்த்தம், பிறகு ஏன் சந்தேகம் வரப்போகிறது? எனக்கோ, எனக்கே கேட்பது பாம்புக்காதருக்குக் கேட்காமலா போகும் என்ற எண்ணம். இப்படி ஆளுக்கொரு நம்பிக்கையில் நல்ல பிளக்கையும் நல்ல கண்டென்சரையும் கழற்றிப் போட்டிருந்தோம்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வண்டி ரிப்பேர் இல்ல. என் காதுதான் ரிப்பேர்" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. ரேடியோவை அலறவிடுகிறார் என்று சண்டை போட்டது, குழம்பு ஊற்றவா என்று மூன்றாம் தடவை கேட்கும்போது கரண்டியை நங்கென்று வைத்தது, "மதிக்கிறதே இல்ல" என்று அவர் தங்கையிடமே போய் அழுதது, எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அந்த மெஷின் முப்பத்தோரு வருஷம் அவர் காதைத் தின்றிருக்கிறது. நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று பட்ட வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காதருகே சொன்னேன். "நமக்கு மொத்தம் நாலு காது. ரெண்டு போனா மிச்சம் ரெண்டு இருக்குல்ல? எழுந்திருங்க. ஞாயித்துக்கிழமை அவன் வந்துடுவான்."

எழுந்தார். பம்பு ஓயாமல் அடித்தால் பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சுகிறது என்று அர்த்தமாம். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ கசிகிறது. ராத்திரி நிற்கும்போது அந்த வழியாகக் காற்றுப் புகுந்து, குழாயிலிருக்கிற பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. அதனால்தான் காலையில் மட்டும் பாடு. எங்கே கசிகிறது என்று பார்க்க அவர் டிக்கிக்குள் தலையை விட்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு எடமா இறுக்கிப் பிடிக்கறேன். சத்தம் நின்னா ஹாரன் அடி. அது எனக்குக் கேக்கும்."

டேங்கில் சேருகிற இடத்தைப் பிடித்தார். டொக் டொக். பம்பில் சேருகிற இடம். டொக் டொக். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவரைப்போலவே. இரண்டுக்கும் நடுவே சாண் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். அதன் வளைவை முஷ்டியால் இறுக்கியபோது சத்தம் தயங்கியது. டொக். டொக். பிறகு ஒன்றும் இல்லை. ஹாரனில் கை வைத்தவள் எடுக்கவில்லை. அடுத்த வீட்டுத் தையற்காரர் ஊசியும் கையுமாக வெளியே ஓடிவந்து பார்த்தார்.

குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்கம் நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு. பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் அவ்வளவுதான். மறுநாளே புதுக்குழாய் வாங்கி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்து இறங்கியதும், பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் காருக்குப் பக்கத்தில் நின்றான். இவர் சாவியை முதல் திருப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மகன் பழைய பழக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டு விரல்களை மடக்க ஆரம்பித்தான். முப்பத்திரண்டில் நின்றது. நான் தலையசைத்தேன். திருப்பினார். தவளை ஒரே இழுப்பில் கிளம்பியது.

"பாம்புக்காதுன்னா பாம்புக்காதுதான்ப்பா" என்று மகன் சிரித்தான்.

சிரித்து மழுப்பியிருக்கலாம். நானும் மூச்சுவிட்டிருக்கமாட்டேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"என் காது போயிடுச்சுடா. கேட்டது உங்கம்மா."

மகனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனான். மாதம் முடிவதற்குள் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். குழாய் சொட்டுகிறது என்றார், என் வளையல் சத்தம் போடுகிறது என்றார். பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். டொக் டொக் என்று அடித்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சத்தம் ஓய்ந்தது. ஆனால் கை இரண்டாம் திருப்புக்குப் போகவில்லை.

"நின்னுடுச்சா?" என்றார்.

"உங்களுக்குத்தான் இப்ப கேக்குதே."

"கேக்குது. நீ சொல்லு."

அதன்பிறகு கார் இருந்த ஒன்பது வருஷமும் தினம் காலையில் அப்படித்தான் கேட்டார். நானும் தினம் சொன்னேன்.