தேசிக்காய் கட்டிய திரைச்சீலை

சுவிஸ் ராஜரத்தினத்தின் புது மாடிவீட்டில் கமலாசனி செய்வினை வைத்திருக்கிறாளாம் என்ற கதை, கண்டாவளையில் ஒரு காலைப்பொழுதில் புறப்பட்டது. புறப்படும்போது அதில் இருந்தவை சன்னல்களில் தொங்கிய சில தேசிக்காய்களும், அதாவது எலுமிச்சங்காய்களும், மண்டபத்தில் குறுக்கே இழுத்துக் கட்டிய நூலும் மட்டுமே. பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்து இளைப்பாறியபோது தரையில் மாவால் கீறிய கட்டங்கள் சேர்ந்துகொண்டன. கிளிநொச்சி பஸ் நிலையத்தில் இறங்கும்போது கதையின் கையில் ஒரு சேவலின் தலையும் இருந்தது.

இந்த மாதிரிக் கதைகளைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. இதைத் தட்டிப் பார்த்ததில் சேவல் மட்டும்தான் பொய் என்று தெரிந்தது. தேசிக்காய் உண்மை, நூல் உண்மை, மாவும் உண்மை. எல்லாவற்றையும் வைத்தவர் கமலாசனி என்பதும் உண்மை.

கமலாசனி அக்கராயனில் பிறந்தவர். தாய்தகப்பன் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த ஆட்கள். மகள் வயலுக்குப் போனால் களை பிடுங்காமல் நெல்லின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பதால், அவரைக் கொழும்புக்கு அனுப்பியதில் வயலுக்கு நட்டம் வரவில்லை. கொழும்பில், ஹோட்டல்களுக்கு மெத்தைக் கதிரை செய்யும் பட்டறை ஒன்றில் முதலில் தைக்கப் பழகினார். பிறகு வெட்டப் பழகினார். பிறகு, தைப்பவர்களையும் வெட்டுபவர்களையும் பார்த்து ‘இது சரியில்லை’ என்று சொல்லப் பழகினார். இந்த மூன்றாவது வேலைக்குத்தான் உள்ளக வடிவமைப்பாளர் என்று பெயர் என்பதை ஒரு டிப்ளோமா பிற்பாடு உறுதி செய்தது.

இப்போது கிளிநொச்சியில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது, பின்னால் பட்டறை இருக்கிறது, பெயர்ப்பலகையில் ‘லக்சறி’ என்ற சொல் இருக்கிறது. வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளில் தங்கக் குஞ்சம் வைத்த திரைச்சீலையையும் பொலித்தீன் கழற்றாத செற்றி என்ற நீள மெத்தைக் கதிரையையும் கண்டால் அவருக்குத் தலையிடி வரும். தன்னுடைய துணிகளுக்குப் பெயர் வைப்பார். பூநகரியில் கடலேரி வற்றிக் கிடக்கும் சேற்றின் நிறத்துக்குப் ‘பூநகரி மாலை’. சூடடித்து முடிந்த வைக்கோலின் நிறத்துக்கு ‘அக்கராயன் அறுவடை’. இரண்டும் மண்ணிறம்தானே என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அவர்கள்தான்.

ஒரு வீட்டுக்குத் தளபாடம் செய்வதற்கு முன் அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்கச் சும்மா இருப்பது அவரது வழக்கம். “வீடு என்ன சொல்லுது எண்டு கேக்கவேணும்” என்பார். வன்னி வெயிலில் வீடுகள் பெரும்பாலும் மின்விசிறி வேண்டும் என்றுதான் சொல்லும். அதையும் மனதில் வைத்துக்கொள்வார். பிறகு, ஆட்கள் வாசலிலிருந்து குசினிக்கு நடக்கப்போகும் வழியை நூலால் இழுத்துக் கட்டுவார். எந்தக் கதிரையும் அந்த நூலை மறிக்கக்கூடாது. செற்றியின் உருவத்தைக் கோதுமை மாவால் தரையில் கீறிச் சுற்றிச் சுற்றி நடப்பார். திரைச்சீலைத் துணியைச் சன்னலில் மாட்டி, அதன் கீழ்க்கரையில் தேசிக்காய் கட்டித் தொங்கவிடுவார். அளவான பாரம். காற்றடித்தால் துணி ஆடும், காற்று நின்றால் நேராக விழும். எந்த இடத்தில் மடிப்பு வைத்தால் சன்னல் உயரமாகத் தெரியும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதை அவர் எவருக்கும் விளக்கியதில்லை. தேசிக்காய் என்று வாயால் சொன்னால் லக்சறி குறைந்துவிடும் என்று பயம்.

புதுமனை புகும் குடிபூரலுக்கு ஒரு கிழமை இருக்கையில் தொலைபேசி அடித்தது. ராஜரத்தினத்தின் தமக்கை சிவலட்சுமி. தம்பியின் மாடிவீட்டைக் கட்டுவித்தவரும் அவர்தான். அதே வளவின் பழைய வீட்டில் இருந்துகொண்டு அதைக் காவல் காப்பவரும் அவர்தான்.

“பிள்ளை, வீட்டைப் பூட்டுற திறப்பைக் கொண்டுவந்து தாரும். இனி வேலை செய்யவேண்டாம்.”

கமலாசனிக்குக் கிடைத்த முதல் முழுவீடு அது. வெட்டியதும் தைத்ததும் அந்த வீட்டின் அளவுக்கு. வேறெந்தச் சன்னலுக்கும் பொருந்தாது. அது போனாலும் போகட்டும். செய்வினைக்காரி என்ற பெயரோடு நடந்தால் இனி எந்த வீட்டுப் படலை அவருக்குத் திறக்கும்?

கமலாசனி போனபோது சிவலட்சுமி குசினி வாசலில், பிளாஸ்ரிக் கதிரையில், தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்.

“நான் தம்பிக்குச் சொல்லேல்லை. சொன்னா அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.”

“அக்கா, தேசிக்காய் பாரத்துக்குக் கட்டினது.”

“பாரத்துக்குக் கல்லுக் கிடைக்கேல்லையோ?”

“கல்லுக் கட்டினா துணி செத்துப்போன மாதிரித் தொங்கும்.”

“குடிபூரப்போற வீட்டில செத்த கதை கதைக்காதையும். நூல் என்னத்துக்கு?”

“ஆக்கள் நடக்கிற வழி.”

“பூட்டிக் கிடக்கிற வீட்டில எந்த ஆக்கள் நடக்கினம்? சரி, அந்த மா?”

“அது செற்றி.”

“செற்றியை ஆரும் மாவில செய்வினமோ?”

வெளிச்சத்தைப் பற்றியும் வெற்றிடத்தைப் பற்றியும் அரை நாள் பேசக்கூடிய கமலாசனி திறப்பைக் கைப்பையில் தேடத் தொடங்கினார். வேண்டுமென்றே மெதுவாகத் தேடினார்.

அப்போது படலையில், பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மூக்கன், கமலாசனியின் சாமான்களை ஏற்றியிறக்குபவர். மலைநாட்டிலிருந்து தகப்பன் காலத்தில் வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். பெட்டியில், பட்டறையில் முடிந்த முதல் செற்றி இருந்தது. மூக்கன் அதைப் படலையடி வேம்பின் கீழ் இறக்கிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

“மூக்கன் அண்ணை, உள்ளுக்குக் கொண்டுவாங்கோ” என்றார் கமலாசனி.

“வர மாட்டேன்க்கா. அன்னிக்கு நானே சன்னலால பாத்தேன், தேசிக்காய. புள்ளகுட்டிக்காரன் நான்.”

“அப்ப இந்தக் கதையைக் கொண்டு திரிஞ்சது நீங்களோ?”

“தேசிக்கா மட்டுந்தான் நான் கொண்டுபோனது. சேவலு என்னுது இல்ல.”

சிவலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். தம்பியின் சாமான் வெயிலில் கிடக்கிறதே என்று பார்ப்பதற்காக, கோப்பையும் கையுமாக வேம்படிக்கு வந்தார். கமலாசனி இருந்த கோபத்தில் பொலித்தீனைக் கிழித்து எறிந்தார். சிவலட்சுமி மெத்தையை விரலால் அழுத்தினார். பிறகு உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு, அழுத்திப் பார்ப்பதற்காகவே என்பதுபோல, அதன்மேல் இருந்தார்.

அந்தச் செற்றியின் கைப்பிடி அகலமானது. இந்த ஊரில் விருந்துக்கு வருபவர்கள் எல்லோரும் குனிந்து கோப்பையைத் தரையில் வைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கமலாசனி வைத்த அகலம். சிவலட்சுமி மூக்கனை ஏசிக்கொண்டே, திரும்பிப் பாராமல், கோப்பையைக் கைப்பிடியில் வைத்தார். அது அங்கே நின்றது. கமலாசனி அதைப் பார்த்தார்.

மூக்கனை ஏசி முடித்துச் சிவலட்சுமி சொன்னார்: “இதில இருக்கலாம்.”

பிறகு தீர்ப்பு வந்தது. தேசிக்காய் முழுவதையும் அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். இங்கேயே கரைத்துக் குடிக்கவேண்டும். செய்வினைத் தேசிக்காயை எவரும் குடிக்கத் துணியார். குடித்தது தெரிந்தால் ஊர் வாய் அடங்கும்.

“நானே குடிக்கிறன், அக்கா.”

“நீர் குடிச்சா ஆர் நம்புறது? உம்மட சாமான் உமக்கு என்ன செய்யும்?”

இரண்டு பெண்களும் படலையைப் பார்த்தார்கள். மூக்கன் லான்ட்மாஸ்டரைப் பார்த்தார்.

“குடிக்கிறேன். ஆனா சும்மா குடிக்க மாட்டேன். நம்ம வண்டிக்கு ஒரு சீட்டு செஞ்சு தரணும். அந்த அக்கராயன் துணில.”

“செய்து தாறன், அண்ணை.”

“லக்சறியா.”

“ஓம், ஓம். குடியுங்கோ.”

மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கண்ணைத் திறந்து, சீனி போதாது என்றார். திறப்பு கமலாசனியின் கைப்பையிலேயே இருந்துவிட்டது.

சாறு குடித்த கதை, செய்வினைக் கதையைவிட வேகமாகப் பரந்தனைத் தாண்டியது. ஓட்டிக்கொண்டு போனவர் அதே ஆள். சுவிஸிலிருந்து குடிபூரலுக்கு வந்த ராஜரத்தினம் எல்லாக் கதிரைகளிலும் இருந்து படம் எடுத்தார். சிவலட்சுமியின் பிளாஸ்ரிக் கதிரையைச் சமையல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் அதைத் தேடவில்லை. வவுனியாவிலிருந்து ஒரு அம்மா கடைக்கு அழைத்து, தன் வீட்டுக்கும் தேசிக்காய் கட்டித்தான் திரைச்சீலை தைக்கவேண்டும் என்றார். கமலாசனி அந்த முறைக்கு இப்போது ஒரு பெயரும் வைத்திருக்கிறார். அதில் தேசிக்காய் என்ற சொல் இல்லை.

மூக்கனின் சீட்டுத்தான் இன்னும் கொடுபடவில்லை. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல் கமலாசனிக்குக் கை ஓடாது. பார்க்கப் போனால், கண்டாவளை ரோட்டின் குண்டுகுழிக் கிடங்குகளில் மூக்கன் பாதித் தூரம் எழும்பி நின்று ஓட்டுகிறார். மீதித் தூரம் ஒரு பக்கத்துத் தொடையில். அந்தக் கோலத்துக்கு மெத்தை வெட்ட எந்த டிப்ளோமாவும் சொல்லித் தரவில்லை.

“நீங்கள் ஒருக்கா ஒழுங்கா இருந்து காட்டுங்கோ அண்ணை, அளவெடுக்க.”

“சீட்டக் குடுங்கக்கா, ஒழுங்கா இருந்து காட்டுறேன்.”

லான்ட்மாஸ்டரில் இப்போதைக்குச் சீட்டின் இடத்தில் மடித்த உரச்சாக்கு ஒன்று கிடக்கிறது.