வினைச்சொல் வருவதற்குள்

ருக்மிணி உட்கார்ந்து டெல்லி மோதி பாக் காலனியில் யாரும் பார்த்ததில்லை. காபி நின்றுகொண்டே, பேப்பர் நடந்துகொண்டே. "வழி விடுங்கோ, ருக்கு வரா, பிரேக் கிடையாது!" என்பார் எதிர்வீட்டு பட்டாபி மாமா. கப்பல் சம்பந்தப்பட்ட ஒரு சர்க்கார் ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர் அவள். கடலே இல்லாத டெல்லியில் இருந்துகொண்டு மாலுமிகளுக்கான எச்சரிக்கைகளைத் தமிழாக்குவாள்.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் அந்த நடை ஓட்டமானது. தம்பி வைத்தி சரக்குக் கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பம்பாய்க்கு ரயில். அந்த வாரம் பார்த்து அவள் மேஜைக்கு வந்தது சரக்கறை அறிவிப்பு. கப்பலின் அடியில் மூடிக் கிடக்கும் சரக்கறையில் துருவே பிராணவாயுவைத் தின்றுவிடுமாம். இறங்கினவன் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் அவன்மேலேயே விழுவான்.

தமிழாக்கினாள். மேலதிகாரி ராஜாராமன் திருத்தினார். திருத்தியதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தியிடம் நீட்டினாள்.

"படிடா."

டெல்லியிலேயே வளர்ந்த வைத்திக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஸ்பீட் பிரேக்கர்.

"விழுந்தவரை... மீட்கும் பொ... பொருட்டு... காற்றுச் சோதனை... யின்றி... சரக்கறையினுள்... இறங்க... அச்சா, இறங்கணும். புரிஞ்சுடுத்து அக்கா!"

"முழுசாப் படிடா கட்டேல போறவனே!"

"இன்னும் இருக்கா? ...வேண்டாமென மாலுமிகள் கேட்டுக்... கேட்டுக்கொள்ளப்படு... இது என்ன, ரயில் மாதிரி போயிண்டே இருக்கு?"

ருக்மிணியின் கணக்கில், 'வேண்டாம்' வருவதற்குள் தம்பி உள்ளே இறங்கிவிட்டான்.

மறுநாள் காலை ராஜாராமன் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே எதிரில் நின்றாள்.

"முதல் வார்த்தையே 'இறங்காதே'ன்னு இருக்கணும் சார்."

ராஜாராமனின் சொற்கள் மூக்கு வழியாகச் சுற்றுலா போய்விட்டுத்தான் வெளியே வரும். "ஏம்மா... சர்க்கார் அறிவிப்புன்னா ஒரு மரியாதை வேண்டாமா? கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்... ஆஹா, எவ்வளவு கௌரவமா இருக்கு! மாலுமி என்ன, உன் தம்பியா? இறங்காதே, கிறங்காதேன்னு அதட்டறதுக்கு?"

"ஆமா சார், தம்பிதான்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை கப்பலேறப் போறான். இதைப் படிச்சுட்டு 'இறங்கணும்'னான்."

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்து, கேட்டுக்கொள்ளப்பட்ட அத்தனை பேரையும் ஒரே கோட்டில் அடித்தார். "சரி, நீ சொன்னபடியே எழுதி ஜல்தி டைப்புக்கு அனுப்பு. நான் மனசு மாறறதுக்குள்ள."

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் புது அறிவிப்பை வைத்தி முன் வைத்தாள்.

"இறங்காதே! ஆள் விழுந்தாலும் இறங்காதே! கத்து! ஓடு! ஆள் கூப்பிடு!" ஒரே மூச்சில் படித்துவிட்டான்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. இறங்கக் கூடாது." காகிதத்தை மடித்தவன் நிமிர்ந்தான். "அக்கா, உள்ள நான் விழுந்து கிடக்கேன்னு வெச்சுக்கோ. மேல நீ நிக்கறே. என்ன பண்ணுவே?"

"இறங்குவேன்," என்றாள் ருக்மிணி, யோசிக்காமல்.

வைத்தி கைதட்டிச் சிரித்தான். எதிர்வீட்டிலிருந்து பட்டாபி மாமா, "என்னடா தமாஷ்?" என்று குரல் கொடுத்தார்.

ருக்மிணி அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் பிரித்து, மறுபடி அவன் கையிலேயே திணித்தாள்.

"சிரிக்காதே. இன்னொரு தரம் படி. சத்தமா."